உள்ளூர் முகவரி

ஜங்ஷனில் மூன்றாம் மாடி.
கட்டில் ஒன்றுக்கு முந்நூறு.
ஆதாரை வாங்கிப் பார்த்த பையன்
என் முதுகுப் பையையும் பார்த்தான்.
‘பெருமாள்புரமா? அண்ணாச்சி,
உள்ளூர் ஆளுக்குக் கட்டில் கிடையாதுல்லா.’
அப்புறம் குரலை இறக்கி,
‘வீட்ல சண்டையா?’
ஆமாம் என்பது சுலபமாக இருந்தது.
மேற்கொண்டு ஐம்பது ரூபாயும் கொடுத்தேன்.
எங்கிருந்து: பெருமாள்புரம்.
எங்கே போகிறார்: பெருமாள்புரம்.
வந்த காரணத்தை நான் காலியாக விட
அவனே எழுதினான், ‘சொந்த வேலை’.

சண்டையெல்லாம் ஒன்றுமில்லை.
பீரோவில் வேட்டிகளுக்கு அடியில்
ஒரு பாஸ்போர்ட் கிடந்தது.
முப்பத்தாறு பக்கம்.
ஒரு முத்திரை விழாமல்
போன ஆவணியில் காலாவதி.
மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவன் நான்.
இந்த ஊரில் நான் ஏறாத வாசற்படி குறைவு.
என் வீடு தவிர ஒரு வீட்டிலும்
தலை சாய்த்ததில்லை.
நாகர்கோவிலில் ஆபீஸ் வேலை என்று
செண்பகவல்லியிடம் சொல்லிவிட்டு
நாலு கிலோமீட்டர் பயணம் செய்து
இங்கே வந்து சேர்ந்தேன்.

எட்டுக் கட்டில், ஒரே ஒரு பிளக்.
அதிலிருந்து ஆறு போன்கள்
பால் குடித்துக்கொண்டிருந்தன.
எனக்கு மேல்கட்டில்.
எழுந்து உட்கார்ந்தால் விசிறி தலையைச் சீவும்.
கோர்ட் வாய்தாவுக்கு வந்த திசையன்விளைக்காரர்
தூக்கத்திலும் ‘ஐயா, ஐயா’ என்று
யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழ்க்கட்டிலில் ப்ளகோய்.
ஊர் ஸ்கோப்யே என்றான்.
நாலு தடவை சொல்ல வைத்தேன்.
அவன் இங்கிலீஷிலும் என் இங்கிலீஷிலும்
ஓட்டைகள் ஒரே இடத்தில் இருந்ததால்
பேச்சு நன்றாகவே போனது.
அங்கே இதுபோல ஒரு விடுதியில்
அவனுக்கு ராத்திரி டியூட்டியாம்.
நாலு வருஷம் அடுத்தவர் குறட்டை கேட்டேன்
என்றவன், அன்றிரவு
மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்தான்.

தூங்குவதற்கு முன்னால் கேட்டான்:
‘இந்த ஊரில் என்ன பார்க்கலாம்?’
‘தெரியவில்லை. நானும் புதுசு.’

காலையில் இரண்டு புதுசுகளும் கிளம்பினோம்.
அல்வா வேண்டும் என்றான்.
வழி தெரியாதவன்போல் மூன்று பேரைக் கேட்டேன்.
மூவரும் மூன்று கடை சொன்னார்கள்,
மற்ற இரண்டும் போலி என்றார்கள்.
இலையில் வைத்ததை விரலால் அழுத்திப் பார்த்து
இது திடப்பொருளா திரவமா என்றான்.
ஐம்பது வருஷம் தின்றவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆற்றுப்பாலத்தில் நின்றுவிட்டான்.
அவன் ஊரிலும் நடுவில் ஓர் ஆறு,
குறுக்கே கல்பாலம்,
இந்தக் கரையில் பழைய கடைத்தெரு,
அந்தக் கரையில் புது ஊர்.
கைப்பிடிச் சுவரில் குனிந்து
வளைவுகளை எண்ணத் தொடங்கினான்.
ஊர் முழுக்க யூனிட் எண்ணிய நான்
இதை எண்ணியதில்லை.
பாதி எண்ணும்போது
சைக்கிளில் ஒருத்தர் கால் ஊன்றினார்.
‘என்ன ஈபி அண்ணாச்சி, தோளில் பை!
இந்தத் தடவை ரீடிங்குக்கு
எங்க தெருப்பக்கமே வரலியே?’
ப்ளகோய் நிமிர்ந்து, யார் என்றான்.
‘வழி கேட்கிறார்.’
‘நீ என்ன சொன்னாய்?’
‘தெரியாது என்றேன்.’
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
முதலிலிருந்து எண்ணினோம்.
அவனுக்கு ஒன்று கூடுதலாக வந்தது.

கன்னியாகுமரி பஸ்ஸில் ஏறும்போது
சட்டைப்பையைத் துழாவி
ஒரு காசு கொடுத்தான்.
திரும்பி நின்று கையசைக்க
பின்னால் ஏறியவர்கள் விடவில்லை.
அதே பஸ் நாகர்கோவில் வழிதான் போகும்.
அது அப்புறம்தான் உறைத்தது.

பத்து மணிக்கு வீடு.
துவைக்கப் போட்ட பேண்ட்டை உதறிய செண்பகவல்லி
தரையில் விழுந்ததை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ஒரு பக்கம் புரியாத எழுத்து,
மறுபக்கம் சடை முடி நாய் ஒன்று.
என்னைப் பார்க்காமலே கேட்டாள்:
‘இந்த நாய்க்காசு
நாரோயில்ல செல்லுமா?’